பன்னிரண்டில் இல்லாத பூனை

என் தங்கை மகளின் கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் நான்தான். ஊரில் ஜாதகத்தைக் காரணம் சொல்கிறார்கள். அது சரியல்ல. ஜாதகத்தைக்கூடச் சமாளித்திருக்கலாம். நான்தான் சீனாவிலிருந்து ஒரு எலியைக் கொண்டுபோய்ச் சபையில் விட்டேன்.

நம் பக்கம் பொருத்தம் பார்க்கும்போது ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு மிருகம் சொல்வார்கள். அவள் புனர்பூசம், பூனை. பையன் மகம், எலி. மற்றதெல்லாம் கூடிவந்தது. இந்த இடத்துக்கு வந்ததும் ஜோசியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவள் ராசிங்காபுரத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். பையனுக்கு மலையில் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. போடியில் அவள் பஸ்சுக்கு நிற்கும் இடத்தில்தான் அவன் ஜீப்புக்கு நிற்பான். மூன்று வருடமாக நின்றிருக்கிறார்கள். இரண்டு வீட்டுக்கும் அது தெரியும். தெரியாதவர்கள் போல ஜாதகம் மாற்றிக்கொண்டோம்.

தங்கையின் புருஷன் உயிரோடு இல்லை. பேச வேண்டியவன் தாய்மாமனாகிய நான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியவன் என்பதால் என் பேச்சின்மேல் வீட்டில் எல்லோருக்கும் நம்பிக்கை. எனக்கு அவர்களைவிட அதிகம்.

பையனின் அம்மா போனில் நல்லபடியாகத்தான் பேசினார். "எனக்கு ஒன்னும் இல்லண்ணே. நாளைக்கு வீட்டுல ஒரு சத்தம் வந்தா எலியும் பூனையும்னு ஊரு சிரிக்கும், அதான். படிச்சவரு நீங்க வந்து ஆறுதலா ஒரு வார்த்த சொல்லுங்க. அன்னைக்கே பூ வச்சிருவோம்."

கிளம்பும்போது தங்கை மகள் வாசல் வரை வந்தாள்.

"மாமா, சீனாக்காரங்க பன்னெண்டு மிருகம் வச்சு வருசத்த எண்ணுறாங்கல்ல. அந்தப் பட்டியல் போட்டப்ப அங்க வீட்டுப் பூனையே கெடையாது, அதான் அதுல பூனை இல்லன்னு சொல்லுவீங்களே. அத மட்டும் சொல்லுங்க. ஒரு நாட்டுல இருக்குற பகை இன்னொரு நாட்டுல இல்ல, எல்லாம் மனுசன் எழுதுனதுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்துருங்க."

"சரி ஆத்தா."

"அந்தப் பந்தயக் கதை மட்டும் வேணாம்."

"அதான் சரிங்கிறேன்ல."

சிலமலையில் அவர்கள் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். பையன் கதவோரம் நின்றான். மூலையில் ஏலக்காய் மூட்டைகள். எலி கடிக்காமல் இருக்க அந்த வீட்டில் ஒரு பூனை வளர்த்தார்கள். அது மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். நாலு வாக்கியம். யாரும் மறுக்கவில்லை. பையனின் அம்மா முகம் தெளிந்து பூத்தட்டை எடுக்க எழுந்தார். அப்போது பையனின் தாய்மாமன், தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர், சும்மா பேச்சுக்குக் கேட்டார்.

"அப்ப அந்தப் பன்னெண்டுல மொத மிருகம் எதுண்ணே?"

"எலி."

"மாப்ளே, நீதாண்டா பஸ்ட்டு!" என்று பையன் முதுகில் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். "அது சரி, அத்தினியூண்டு எலி எப்படிண்ணே பஸ்ட்டு வந்துச்சு?"

முப்பது வருடமும் வகுப்பில் நான் காத்திருந்த கேள்வி அது. கடைசி பீரியடில் தூங்கிவழியும் பையன்களை எழுப்ப என்னிடம் இருந்த ஒரே கதை. தட்டு என் எதிரில் வந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன்.

வானுலகத்து ராஜா எல்லா மிருகங்களையும் பந்தயத்துக்குக் கூப்பிட்டதையும், ஆற்றைத் தாண்டி முதலில் வரும் பன்னிரண்டுக்கு ஆளுக்கொரு வருடம் என்று அறிவித்ததையும் சொன்னேன். எலி மாட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்து, கரை வந்ததும் முன்னால் குதித்து ஓடியதைச் சொன்னேன். சிரித்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"பூனை ஏன் வரல?" என்று யாரோ கேட்டார்கள்.

பூனை தானாகவே தூங்கிப்போய் நேரம் தப்பியது என்றும் ஒரு கதை உண்டு. அதில் யார்மேலும் குற்றமில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் அதற்கு வகுப்பில் சிரிப்பு வராது. அதனால் மற்றதைச் சொன்னேன். எலியும் பூனையும் உயிர் நண்பர்கள், பூனை தன்னை எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுத்தது, எலி எழுப்பாமல் போய்விட்டது, பகை அன்று தொடங்கியது. பூனை கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடிவருவதை எழுந்து நின்று நடித்தும் காட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"எம் மகன் நம்ப வச்சுக் கழுத்தறுக்குறவன்னு சொல்ல வந்தீங்களா?" என்றார் அம்மா.

"தங்கச்சி, அது எலி."

"எம் மகனுந்தான எலி! இப்பத்தான எல்லாரும் சொன்னீங்க?"

"அம்மா, அது சீனாவுல..." என்றான் பையன்.

"நீ பேசாதடா. ஒன்னயத்தான் சொல்றாங்க."

டிரைவருக்கு வேறு வருத்தம். "ஆத்துல வண்டிய ஓட்டுனது மாடு. ஏறி உக்காந்து வந்தவன் எறங்கி ஓடுனா அவன் பஸ்ட்டா? டிக்கெட்டு கூட எடுக்கல. என்ன நாயம்ணே இது?"

"எம் மகன் டிக்கெட்டு எடுக்காமப் போனான்னு நீயே சொல்லு!" என்று அம்மா தம்பிமேல் பாய்ந்தார். பின்னாலிருந்து ஒரு கிழவி, "தூங்குனது பூனை. அதுக்கு எலி என்ன அலாரமா?" என்றாள். ஒருவர் மூட்டையைக் காட்டி, "பாருங்க, இப்பவும் தூங்குது" என்றார். அரை மணி நேரம் சீனத்து மிருகங்களுக்குப் பஞ்சாயத்து நடந்தது. பூத்தட்டு உள்ளே போய்விட்டது.

மறுவாரம் யாரிடமும் சொல்லாமல் மறுபடி போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் என் வாய் திறந்ததும் அந்த இன்னொரு கதை வந்தது. பூனை தானாகத்தான் தூங்கியது என்றேன்.

"போன வாரம் எம் மகன் துரோகி. இந்த வாரம் உங்க வீட்டுப் பொண்ணு தூங்குமூஞ்சி. அடுத்த வாரம் யாருண்ணே?" என்று கேட்டார் அம்மா.

எழுதவே கூசுகிறது. "பாத்தா, தப்பு மாட்டுமேலதான்" என்றேன். டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார். விஷயம் அத்தோடு முடிந்தது. தை மாதம் பையனுக்கு வேறு இடத்தில் கல்யாணம். பெண் ரேவதி நட்சத்திரம், யானை.

தங்கை மகள் என்னைத் திட்டவில்லை. ஒருநாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பூனை எலிகிட்டச் சொல்லிட்டுப் படுத்த மாதிரிதான் மாமா நானும் ஒங்ககிட்டச் சொல்லிவிட்டேன்" என்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டாள். இப்போது அவள் பஸ்சுக்கு அடுத்த நிறுத்தத்துக்கு நடந்துபோய் நிற்கிறாள்.

இந்த மாதம் புதிதாக ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. யார் போய்ப் பேசுவது என்று தங்கை கேட்டதற்கு மகளே பதில் சொன்னாள்.

"சித்தப்பா பேசட்டும். மாமா தட்டு மட்டும் தூக்கிட்டு வரட்டும்."

அந்தப் பையன் என்ன நட்சத்திரம் என்று நான் கேட்கவில்லை. தட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.