ஒன்பது கோட் பெயின்ட்

“சங்கிலிக்கு வயசு பாக்கக்கூடவா பாலிடெக்னிக்ல சொல்லிக் குடுத்தாக தாயி?” என்று அப்பா ஒருநாள் கேட்டார். கேலிதான். அதில் பாதி பயம் என்பது அப்போது எனக்கு எட்டவில்லை.

போன வாரம் அவிநாசிபாளையம் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அது ஞாபகம் வந்தது. வாசலில் மஞ்சள் பெயின்ட் மினுங்க ஒரு செயின் பிளாக் தொங்கியது. சங்கிலியைக் கையால் இழுத்து இழுத்துப் பாரம் ஏற்றுவார்களே, அதுதான். “புதுசாட்டந்தானுங்க” என்றார் கடைக்காரர். நான் நகத்தால் பெயின்ட்டைச் சுரண்டினேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இந்தக் கெட்ட பழக்கம் எனக்குத் திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் தொற்றியது.

அசிட்டிக் ஆசிட் வாடை தெரியுமா உங்களுக்கு? ஊறுகாய் ஜாடிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்தப் பட்டறையில் வேலை பார்த்த அப்பா அந்த வாடையோடுதான் வீடு திரும்புவார். அன்று என்ன நிறம் ஓடியது என்று அவர் பாதத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து அதே பட்டறையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது கால் தரையில் பாவவில்லை. கனம் அளக்கும் வெர்னியர் காலிபரை வெளியே தெரியும்படி பையில் செருகிக்கொள்வேன், டீக்கடைக்குப் போகும்போதும்.

நூல் உருளைகள் அடுக்கிய இரும்புக் கேரியரை ஒரு செயின் பிளாக்தான் சாயத்தொட்டியிலிருந்து தூக்கும். அப்பா கீழே நின்று கேரியரைப் பிடித்து ஓரமாகத் திருப்பி விடுவார். ஒருநாள் டீ நேரத்தில் பாரம் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடிவிளிம்பு மட்டத்துக்குச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் பாரம் கோட்டுக்கு நாலு விரல் கீழே இறங்கியிருந்தது. யாரும் தொடவில்லை.

அன்றிலிருந்து நான் எதையும் நம்பவில்லை. நூலோடு வரும் லாட் கார்டில் ‘இருநூறு கிலோ’ என்றிருக்கும். அது காய்ந்த நூலின் எடை. ஈர உருளை ஒன்றை லேப் தராசில் வைத்தேன். ஒரு கிலோ இரண்டரைக் கிலோ ஆகியிருந்தது. அப்படியானால் இருநூறு ஐந்நூறு; அதற்கு மேல் கேரியரின் இரும்பு எடையை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

முதலாளியிடம் கேட்டேன். “அது ஜெர்மன் ஐட்டம் அம்மிணி. வாங்கி மூணு வருசந்தான் ஆச்சு. ஒரு டன்னு தூக்குமுங்க, பிளேட்டுலயே போட்டிருக்குதே.”

பிளேட்டில் அப்படித்தான் இருந்தது. ஆனால் எங்கள் பட்டறையில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை எல்லா மெஷினுக்கும் பெயின்ட் அடிப்பார்கள். பழையதைச் சுரண்டாமல் மேலுக்கு மேல், வருடத்துக்கு ஒரு கோட். ஏணி வைத்து ஏறி பிளேடால் சுரண்டினேன். மஞ்சள், பச்சை, நீலம், மறுபடி மஞ்சள் என்று ஒன்பது வந்தது. மூன்று வருடச் சாமானுக்கு ஒன்பது பூஜையா? பிளேட்டின் திருகுகளைக் கழற்றினேன். ஆதியிலேயே பொருத்திய பிளேட் என்றால் அடியில் வெறும் இரும்புதான் இருக்க வேண்டும். அங்கே எட்டு கோட் இருந்தது. அதையும் சுரண்டினேன். வார்ப்பிலேயே புடைத்த எழுத்தில் நின்றது: அரை டன்.

இறங்கி வந்து அப்பாவிடம் பிளேட்டை நீட்டினேன். “இத யாருப்பா மாட்டுனது?”

“நாந்தேன். போன வருசம் மிசினுகளச் சோதிக்க வந்தாகளே, அந்த ஆடிட்டுக்கு முந்தி மொதலாளி குடுத்தாரு. எம்புட்டு நேரா முடுக்கியிருந்தேன் பாத்தியா?”

“இதுல என்ன எழுதியிருக்கு தெரியுமா?”

“கம்பெனி பேருதான?”

எழுத்தை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினேன். “ஒரு டன்னு தூக்கும்னு போட்டிருக்குப்பா. அது அரை டன்தான்.”

அப்பா அண்ணாந்து பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி இரண்டு எட்டுத் தள்ளி நின்றார். “சத்தம் போடாத தாயி. ரெண்டு பேரு வேலையும் போயிரும்.”

அறைக்குப் போய்ச் சொன்னபோது முதலாளி கோபப்படவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. “அடுத்த வாரம் ஆடிட்டு கண்ணு. முடியட்டும், மாத்திப் போடலாம்.”

“அதுவரைக்குங்க?”

“ஓடட்டும். ஒம்பது வருசமா ஓடலீங்களா?”

ஒன்பது என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. தகரக் கூரை, தொட்டிகள், செயின் பிளாக் தொங்கிய உத்தரம் எல்லாம் போய், அந்த இடத்தில் கம்பெனி வேன்கள் நிற்கின்றன. முதலாளி எங்கே இருக்கிறார் என்று தெரியாது. யாரிடமாவது காட்டலாம் என்றால் ஒரு செங்கல்கூட மிச்சமில்லை.

அன்று “சரிங்க” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் அறையிலிருந்து வந்தேன். சாயங்காலம் வேனில் ஏறும்போது அப்பா என் பையை வாங்கினார்.

“என்ன தாயி, இம்புட்டுக் கனக்குது?”

இழுக்கிற சங்கிலி இல்லாமல் செயின் பிளாக் ஒரு உருளையைக்கூடத் தூக்காது. முதலாளி அறைக்குள் போகும் முன்பே அதன் இணைப்பு வளையத்தைக் கழற்றி, முழுச் சங்கிலியையும் உருவிப் பைக்குள் போட்டிருந்தேன்.