மூடிக்குள் இருந்த பூஞ்சை

என் மகனுக்கு அப்போது மூன்று மாதம். பால் கொடுத்துக் கொடுத்து என் மார்பில் தோல் வறண்டு வெடித்ததற்கு டாக்டர் ஒரு க்ரீம் எழுதிக் கொடுத்திருந்தார். என் நாத்தனார் அதைப் பிடுங்கி, மேலே எழுதியிருந்ததைப் படித்தார். "கெட்டுப்போகாம இருக்க மருந்து கலந்திருக்காம்ல! பால் குடுக்குறவ வெசத்தையா பூசுவ?" என்று குப்பையில் வீசினார்.

தான் அரைத்த கற்றாழை க்ரீமைக் கொடுத்தார். அதைத்தான் 'கெமிக்கலே இல்லை' என்று வாட்ஸ்அப்பில் விற்கிறார். எதிர்த்துப் பேசாமல் வாங்கிப் பூசினேன். என் முட்டாள்தனம்.

அருப்புக்கோட்டை வெயிலில், எங்கள் தறி ஓடும் தகரக் கொட்டகையில்தான் அந்த டப்பா இருந்தது. இரண்டே வாரத்தில் பூசிய இடமெல்லாம் சீழ் வைத்து, காய்ச்சலும் வந்துவிட்டது. பால் கொடுக்க முடியவில்லை. பிள்ளை பசியில் கதறினான்.

நான் கொண்டுபோன டப்பாவை டாக்டர் திறந்தார். மூடிக்குள் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சை. "தண்ணிச்சத்து உள்ள க்ரீமும்மா. கெடாம இருக்க எதுவும் சேக்கலைன்னா இப்படித்தான். பால் குடுக்குறவுகளுக்கு ஆகும்னு பாத்துத்தான நான் எழுதுனேன்?"

நாத்தனாரிடம் மூடியைக் காட்டினேன். "ஒனக்குச் சூட்டு ஒடம்பு. அதுக்கு என் க்ரீமு என்ன பண்ணும்?" என்றார்.

இப்போதெல்லாம் டாக்டரைக் கேட்காமல் எதையும் பூசுவதில்லை. போன வாரம் நாத்தனாரின் மகளுக்குப் பிரசவமானது. பார்க்கப் போனேன். அவள் தலைமாட்டில் புதிதாக வாங்கி வைத்திருந்தது, அன்று நாத்தனார் 'வெசம்' என்று குப்பையில் வீசிய அதே டாக்டர் க்ரீம்.