பவுடர் போட்டுக் கூட்டிப்போன பிள்ளை

எனக்கு வயது எண்பத்தெட்டு. பெற்றது மூன்று, ஹோமிலிருந்து வந்து என் கையில் வளர்ந்தது பதினொன்று. தாராவியில் அதுதான் என் வேலை. ஆதரவில்லை என்று கோர்ட் ஹோமுக்கு அனுப்பும் பிள்ளைகளில் சிலரை எங்களைப் போன்றவர்கள் வீட்டில் விடுவார்கள். மாதம் ஒருமுறை ஹோம் மேடம் பார்க்க வருவார். அன்றைக்குப் பிள்ளைக்குத் தலை சீவி, பவுடர் போட்டு, பதிலும் சொல்லிக்கொடுத்து நிறுத்துவேன். என் வீட்டைப் பற்றி அவர் ஒரு குறை எழுதியதில்லை.

அறுபதுகளின் நடுவில் பாக்கியம் வந்தாள். ஏழு வயது. சப்பாத்தியைக் கவுன் பையில் ஒளிப்பாள். தட்டு விழுந்தால் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொள்வாள், கவுன் நனைந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை மட்டும் பிள்ளைகளின் மனசைப் பார்க்கும் டாக்டர் இருக்கிறார் என்று மேடம் சீட்டு எழுதிக் கொடுத்தார். அவர் வைத்தியம் பார்த்தால் பிள்ளை என்னிடம் இருக்கலாம், இல்லையென்றால் ஹோமுக்குத் திரும்ப வேண்டியதுதான் என்றார்.

மனசை எப்படிப் பார்ப்பார்கள்? குழாய் வைத்தா, படம் எடுத்தா? சீட்டு கைக்கு வந்ததிலிருந்து எனக்கு அதே யோசனை.

கிளம்பும்போது பவுடர் போட்டேன். பையிலிருந்த காய்ந்த சப்பாத்தியை எடுத்தெறிந்தேன். “டாக்டர் கேட்டா எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லணும், என்னட்டீ?” என்றேன்.

பக்கத்து வீட்டு ராசம்மாள் பார்த்துவிட்டு, “வைத்தியத்துக்கா போற, பொண்ணு பாக்க வாராவளா?” என்றாள்.

டாக்டர் மர பொம்மைகளைப் பரப்பினார். பாக்கியம் கைகட்டி உட்கார்ந்து, எல்லாம் நல்லாயிருக்கு என்று ஹிந்தியில் ஒப்பித்தாள். நானும் ஆமாம் போட்டேன். இனி வர வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் பியூன் கையிலிருந்த ட்ரே விழுந்தது. பாக்கியம் பெஞ்சுக்கடியில் போய்விட்டாள். தரையெல்லாம் ஈரம். எப்போதும் தூக்கித் துடைத்து மறைக்கிற நான், அன்று கை வைக்கவில்லை. கதவைத் தட்டி டாக்டரை அழைத்தேன்.

அவர் அவளை இழுக்கவில்லை. டை கட்டிய மனிதர், அந்தத் தரையிலேயே உட்கார்ந்து ஒரு பொம்மையை உள்ளே தள்ளினார். வெகுநேரம் கழித்து அது திரும்பி வந்தது. மனசைப் பார்ப்பது இப்படித்தானா என்று நின்றேன்.

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். வளர்ப்பு சரியில்லை என்பீர்கள் என்று பயந்தேன், சாப் என்றேன். பழைய சீட்டைக் கிழித்து, வாராவாரம் வரச்சொல்லி எழுதினார். பாக்கியம் என்னிடமே வளர்ந்தாள்.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: டாக்டரிடம் பிள்ளையை இருக்கிறபடியே கூட்டிப் போங்கள்.

ஏட்டீ கவிதா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினத முதல்லருந்து வாசிச்சுக் காட்டு. நான் பொய் சொல்லிக்கொடுத்த இடத்தை விட்டுராத.