முபாரக் பார்க்காத கறுப்புக் கோடுகள்

முபாரக், நீ கழுவிக் கவிழ்த்த போத்தல்கள் அப்படியே இருக்கின்றன. எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதச் சொன்னார் டாக்டர் ஐயா. நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். தெரிந்தபடி எழுதுகிறேன்.

கண்டிக்கு வெளியே எங்கள் ஆய்வுக்கூடம். முபாரக் இறைச்சி சூப்பில் கிருமி வளர்ப்பான். சூப் கலங்கியதும் சுழற்றுகிற மெஷினில் ஊற்றுவான், நான் கைப்பிடியைச் சுற்றுவேன். கிருமியெல்லாம் அடியில் பசையாகத் தங்கும். அதைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, பின்னால் விளக்கு வைத்து, டாக்டர் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பில் பார்ப்பார். வானவில் மாதிரி நிறம் தெரியும். அதில் கறுப்புக் கோடு விழவேண்டும். விழவில்லை. பசை போதாது என்றார்.

“இதுக்குள்ள என்னத்த ஐயா தேடுறீங்க?” என்று முபாரக் கேட்டான்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். “இரும்படா. புரோட்டீனுக்கு நடுவில இரும்பு இருக்கு, எங்கட ரத்தத்தில மாதிரி. சாப்பாட்டில இருந்து வாற எலெக்ட்ரனை ஒண்டு வாங்கி மற்றதிட்டக் குடுக்கும். கடைசி ஆள் காத்திட்டக் குடுக்கும். கிருமி மூச்சு விடுறது அப்பிடித்தான்.”

“எங்கட கடைத்தெரு தீப்பத்தினப்ப தண்ணி வாளி கைமாத்தின மாதிரியா?” என்றான் முபாரக்.

“ஓம், அதேதான். காத்து இல்லாட்டி குடுக்க இடமில்லை. எல்லாற்ற கையும் நிறைஞ்சு நிக்கும். அப்பதான் கோடு தெரியும்.”

முபாரக் என்னைப் பார்த்தான். “கிருமிக்கே இரும்பு ஈக்காம் மச்சான். ஒனக்கு இல்லாமத்தான் கைப்பிடிய இப்பிடி மெதுவாச் சுத்துற.”

அந்தக் கோட்டைத் தன் கண்ணால் பார்த்தே தீருவேன் என்று நின்றான். பெரிய போத்தல்களில் கிருமியை விதைத்தான். அவை கலங்குவதற்குள் குளிர்காய்ச்சல் வந்து, திகனயில் வீட்டோடு படுத்துவிட்டான்.

கலங்கியதை நானே ஊற்றிச் சுற்றினேன். பசை கெட்டியாக வந்தது. வைத்திருந்தால் பழுதாகிவிடும். டாக்டர் பார்த்தார். ஸ்பெக்ட்ரோஸ்கோப்பை என் பக்கம் தள்ளினார். பச்சையில் கறுப்பாக ஒரு கோடு, செம்மஞ்சள் பக்கம் இன்னொன்று. காற்றுப் படக் குழாயைக் குலுக்கினேன், மறைந்தன. சும்மா வைத்தேன், திரும்ப வந்தன.

பஸ் ஏறிப் போய் அவனிடம் சொன்னேன். பாயில் எழும்பி உட்கார்ந்தான்.

“மெய்யாவா?”

“மெய்யாத்தான்டா. குலுக்கினா போகுது, வெச்சா வருது.”

“அடப்பாவி, நான் வளத்தத நீ பாத்துட்டியா! கொஞ்சம் விதைக்கு மிச்சம் வை. எழும்பி வந்து பாக்கிறேன்.”

வைத்திருந்தேன். அவன் எழும்பவில்லை, அந்தக் காய்ச்சலிலேயே மௌத்தாகிவிட்டான்.

அடக்கம் செய்ய ஜனாஸா போகும்போது சந்தூக்குப் பெட்டியைத் தோளுக்குத் தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். என் தோளுக்கும் வந்தது. விட மனமில்லை. பின்னால் வந்தவர், “குடுங்க தம்பி, எல்லாருக்கும் நன்மை ஈக்கி” என்றார். கொடுத்தேன். அதற்குப் பிறகு கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நான் படித்துக்கொண்டது இவ்வளவுதான். குழாயில் கண் வைக்கும்முன், கிருமியை வளர்த்தவன் பக்கத்தில் நிற்கிறானா என்று பாருங்கள். நின்றால் முதலில் அவனைப் பார்க்க விடுங்கள்.

அவன் விதையிலிருந்துதான் இன்றும் வளர்க்கிறோம். கோட்டைப் பார்க்கிற ஒவ்வொருவரும் முபாரக்குக்காக ஒரு துஆ செய்யுங்கள். துஆ தெரியாதவர்கள் உங்கள் சாமியிடம் அவன் பேரைச் சொல்லுங்கள்.