இரண்டு பட்டியலை ஒன்றாக்கிய பன்னிரண்டு நாள்

இரண்டு பட்டியலை ஒன்றாகச் சேர்த்துத் தருவதும் ஒரு தொழில்தான். கல்யாணப் பத்திரிகை வைக்க மாப்பிள்ளை வீட்டு லிஸ்ட்டையும் பெண் வீட்டு லிஸ்ட்டையும் சேர்க்கப் போய், ஒரு சித்தப்பாவை விட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். நான் அதைக் கம்ப்யூட்டரில் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

அது 2008. ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் எங்கள் அலுவலகம். ஒரே அறை. நான் புரோகிராம் எழுதுவேன். திருப்பாலைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் சாகுல் அண்ணன் டைப் செய்து சரிபார்ப்பார்.

பாதி ஊரைக் காணோம்

காளிமுத்து அண்ணன் ஒரு கண்மாய்ப் பாசன சங்கத்தின் செயலாளர். ஒரு நாள் காலையில் கக்கத்தில் இரண்டு கட்டோடு படியேறி வந்தார். ஒன்று, அவர் கைப்பட எழுதிய சங்க நோட்டு. இன்னொன்று, அரசு ஆபீசில் வாங்கிய பட்டாதாரர் பட்டியல். இரண்டிலும் அமைப்பு ஒன்றுதான்: கண்மாய்க்கு ஐந்து மடை, மடைக்குக் கீழே வயல்களின் சர்வே எண், வயலுக்குக் கீழே சொந்தக்காரர் பெயரும் தகப்பனார் பெயரும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. பன்னிரண்டு நாளில் சங்கத் தேர்தல். பட்டியலில் பேர் இருந்தால்தான் ஓட்டு. ஜெயிக்கிறவர்கள்தான் எந்த மடையை என்றைக்குத் திறப்பது என்று முடிவு செய்வார்கள். மழை ஏமாற்றுகிற எங்கள் பக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

நான் புரோகிராம் எழுதும் பி.எச்.பி. என்ற கணினி மொழியில் இரண்டு பட்டியலைச் சேர்க்க ஒரு வரிக் கட்டளை தயாராக இருக்கிறது. போட்டேன். அது மேல்பெட்டியின் பெயரை மட்டும்தான் பார்க்கும் என்பது எனக்கு உறைக்கவில்லை. 'நடுமடை' இரண்டிலும் இருந்தால், முதல் நடுமடையை உள்ளே இருந்த வயல், ஆள் அத்தனையோடும் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதை வைத்துக்கொண்டது. ஐந்து மடைக்கும் இதே கதி. காளிமுத்து அண்ணன் பிரிண்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, ஆளச் சேக்கச் சொன்னா அடிச்சு வெரட்டியிருக்கியே?"

சைபர் நம்பர் வயல்

"மடைக்குச் செய்றத வயலுக்கும் செய்யச் சொல்லு, வயலுக்குச் செய்றத ஆளுக்கும் செய்யச் சொல்லு" என்றார் சாகுல் அண்ணன். அவருக்குப் புரோகிராம் தெரியாது. ஆனால் ரிகர்ஷன் என்று புத்தகம் நாலு பக்கத்துக்குச் சொல்வது அதுதான். பெட்டியைத் திறக்கிற அதே வேலை, உள்ளே பெட்டி இருந்தால் தன்னையே கூப்பிட்டு அதையும் திறந்துகொள்ளும். அதற்கும் பி.எச்.பி.யில் ஒரு கட்டளை இருந்தது. போட்டேன். இந்த முறை எல்லாப் பெட்டிக்குள்ளும் போய்விட்டு வந்தது.

ஆனால் அந்தக் கட்டளைக்கு ஒரு பழக்கம். பெட்டியின் பெயர் வெறும் எண்ணாக இருந்தால், அது வெறும் வரிசை எண் என்று நினைத்துக்கொண்டு சைபரிலிருந்து புதிதாக எண்ணிவிடும். '112/2' தப்பித்தது. '112' என்ற வயல் சைபராகிவிட்டது, அடுத்தது ஒன்று. அந்தச் சைபர் வயல்காரர் காளிமுத்து அண்ணனோடு வந்திருந்தார். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சைபர்ல எங்கன தாயி போயி நெல்லு வெதைக்கிறது?"

இரண்டு தகப்பன்

கோடு போட்ட எண்கள் தப்பித்தன என்று சொன்னேனே, அங்கே வேறு கூத்து. இரண்டு பட்டியலிலும் ஒரே இடத்தில் பெயர் இருந்தால் அந்தக் கட்டளை இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒரே பெயராக இருந்தாலும் சரிதான். '112/2, தகப்பனார்: கருப்பையா, கருப்பையா.' இன்னொருவருக்குத் 'தகப்பனார்: முத்து, முத்தையா.' அந்த முத்து மகன் மறுநாள் நேரிலேயே வந்து தன் வரியைப் படிக்கச் சொன்னார். சாகுல் அண்ணன் சத்தமாகப் படித்துக் காட்டினார். வந்தவர் சிரிக்கவில்லை: "எங்க ஆத்தா காதுல விழுந்தா ஒங்க ரெண்டு பேரையும் உசுரோட விடாது."

நோட்டு ஜெயித்தது

தயார்க் கட்டளைகளை விட்டுவிட்டு நானே எழுதினேன். இரண்டு பக்கமும் பெட்டி இருந்தால் உள்ளே போ. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அப்படியே வை. இரண்டு பக்கமும் வெறும் பெயராக இருந்து, பெயர் வேறு வேறாக இருந்தால்? ஒன்று ஜெயிக்க வேண்டும். எது என்று காளிமுத்து அண்ணனையே கேட்டேன். "நோட்டுதான். அது நாங்க கண்ணால பாத்து எழுதுனது" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. வரைவுப் பட்டியலை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டினார்கள். வேலை முடிந்தது என்று சந்தோஷமாக இருந்தேன்.

ஒட்டிய மூன்றாம் நாள் பஞ்சவர்ணம் என்ற அம்மா பஸ் ஏறி வந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம். இரண்டு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தார். ஆபீஸ் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நோட்டில் வீட்டுக்காரர் பெயர். நான் எழுதிய ஒற்றை வரி அந்த இரண்டு வருஷத்தை அழித்திருந்தது. பட்டாவை மேஜை மேல் விரித்து வைத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை: "செத்த மனுசனுக்கு ஓட்டு குடுத்திருக்கீக. சரி, தண்ணி பாய்ச்சவும் அவரையே வரச் சொல்லுங்க."

நாற்பத்தோராவது வரி

அந்த அம்மா ஒருவருக்காகப் பட்டியலைத் திருத்தி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதே வரி இன்னும் எத்தனை பேரை அழித்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. புரோகிராமை மாற்றினேன். பெயர் முட்டிக்கொள்ளும் இடத்தில் எதையும் அழிக்காதே, இரண்டையும் தனித்தாளில் எழுதிக் கொடு. நாற்பத்தொரு வரி வந்தது. காளிமுத்து அண்ணன் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார். அவருடைய அய்யா விட்டுப்போன வயல். ஆபீஸ் பட்டியலில் அவரும், தேவிபட்டினத்தில் கட்டிக்கொடுத்த தங்கை மாரியம்மாளும் கூட்டாக. நோட்டில் அவர் மட்டும்.

"இது வீட்டு விஷயம். எடுத்துரும்மா" என்றார். எங்களுக்கு வேலை கொடுத்தவர் அவர். பயமாகத்தான் இருந்தது. "இத எடுத்தா மத்த நாப்பதையும் எடுக்கணும்ணே. அந்த அம்மா திரும்ப வந்தா நான் என்ன சொல்லுவேன்?" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். "தாளு ஊர் போயிச் சேராது" என்றார் சாகுல் அண்ணன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கண்மாய்க்கரைக் கோயில் முன்னால் கூட்டம். எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதே மடித்த தாளைப் பிரித்துக் காளிமுத்து அண்ணனே படித்தார். பஞ்சவர்ணத்தின் வரிக்கு ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அந்த அம்மாவும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. சில வரிகளுக்குச் சத்தம் போட்டார்கள், பிறகு பேசித் தீர்த்தார்கள். நாற்பது முடிந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கடைசியா ஒண்ணு. என் வயலு. தங்கச்சி பேரும் சேரணும்" என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் தேவிபட்டினத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்த மாரியம்மாள் நின்றுகொண்டிருந்தார். காளிமுத்து அண்ணனே போன் செய்து வரச் சொல்லியிருக்கிறார். டீ குடிக்கும்போது என் பக்கம் வந்து நின்றார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் படிக்காட்டி நீ படிச்சிருப்பம்மா. நானே படிச்சது மரியாதையாப் போச்சு."

பெட்டிக்குள் பெட்டியாகப் போய்ச் சேர்க்கிற புரோகிராம் இருபது வரிதான்; எந்த இடத்தில் நின்று மனிதர்களைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்குப் பன்னிரண்டு நாளும் பிடித்தது.