கரவெட்டிக் கிணற்றுக்குள் கிடந்த கடல்

1992 ஆவணி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை 5.45 மணிக்குக் கொடிகாமத்திலிருந்து இரண்டு சைக்கிள்களில் புறப்பட்டோம். ஒன்றில் என்னோடு படிப்பிக்கும் கிரேஸ், மற்றதில் நான். கரவெட்டியில் கிரேஸின் அத்தான் தோட்டக் கிணறு வெட்டுகிறார். கல்லுக்குள் சிப்பி சிப்பியாக வருகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் புவியியல் ஆசிரியை. எங்கள் குடாநாடு ஒரு காலத்தில் கடலடி என்றும், இங்குள்ள சுண்ணக்கல்லில் உயிர்ச்சுவடுகள் உண்டு என்றும் பன்னிரண்டு வருடமாகப் படிப்பித்திருக்கிறேன். ஒன்றையும் கண்ணால் கண்டதில்லை. கொடிகாமம் மணல் ஊர். கல்லைப் பார்க்க வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

கரவெட்டி ஏறக்குறைய எட்டு மைல். ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் ஷெல் விழுந்து என் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஜெய்ப்பூர்க் கால் போட்ட பிறகு பள்ளிக்கூடத்துக்கு அப்பால் நான் சைக்கிள் ஓடியதில்லை.

"விழுந்தால் ஆர் தூக்கிறது?" என்று இவர், என் வீட்டுக்காரர், வாசற் படலையில் நின்று கேட்டார்.

"கிரேஸ் தூக்குவா."

"நானோ?" என்றாள் கிரேஸ். அவள் என் தோளுயரம்தான் இருப்பாள்.

அந்தக் காலைப் பழைய சைக்கிள் ரியூப் துண்டால் பெடலோடு கட்டிக்கொண்டேன். தெற்கிலிருந்து வீசிய சோளகக் காற்று முதுகில் தள்ளியது. வரணியில் இறங்கிப் பிளேன்ரீ குடித்தோம். ஒரு கோப்பை இரண்டு ரூபா. சீனி இல்லை, கடிக்கப் பனங்கட்டித் துண்டு. முள்ளிவெளியைக் கடக்கும்போது தூரத்தில் ஆமி ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டது. ஒரு மரத்தின் கீழ் ஒதுங்கி நின்றோம். சத்தம் தெற்கே போய் ஓய்ந்தது.

8.20க்குத் தோட்டத்தை அடைந்தோம். பொருளாதாரத் தடையால் வெடிமருந்து கிடைக்காத காலம். நாலு பேர் இரும்பு அலவாங்காலேயே கல்லைக் குத்தி உடைத்து இருபது அடி இறக்கியிருந்தார்கள். மேலே குவிந்து கிடந்த கல்லைக் கிளறினோம். எல்லாம் நொறுங்கல். சிப்பி என்று சொன்னால் சிப்பி, இல்லையென்றால் இல்லை.

வெட்டுகிறவர்களுக்குத் தலைவர் தம்பிராசா அண்ணை. "முழுசாக் கீழை சுவரிலை கிடக்கு ரீச்சர். உடைச்சுக் கொண்டுவந்தால் தூளாப் போகுது" என்றார்.

"அப்ப நான் இறங்கிறன்."

அவர் என் காலைப் பார்த்தார். "உந்தக் காலோடையோ?"

"ஓம்."

கிரேஸ் என் கையைப் பிடித்தாள். "அக்கா, வேண்டாம். நான் இறங்கிப் பாத்துச் சொல்லுறன்."

மற்றவர்கள் பார்த்துச் சொன்னதைத்தானே இத்தனை காலமும் படிப்பித்தேன்! பாவாடையை இழுத்துச் செருகினேன். இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். ஏணிப் படியில் இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி அடுத்த படியில் வைத்தேன். பாதி வழியில் அந்தக் கால் வழுக்கி அந்தரத்தில் தொங்கியது. கயிறு இறுகியது. மேலே கிரேஸ் இயேசுவைக் கூப்பிடுவது கேட்டது. நான் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். பிறகு அடுத்த படி.

கீழே கணுக்கால் அளவு தண்ணீர், நல்ல குளிர். எனக்கு முன்னரே இறங்கியிருந்த தம்பிராசா அண்ணை சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். மஞ்சள் வெள்ளைக் கல்லில் விசிறி விசிறியாகச் சிப்பி வரிகள் எழும்பி வந்தன. பக்கத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழி விழுந்த பவளம். அதற்கு மேல், என் நெஞ்சுயரத்தில், புரி குலையாமல் ஒரு சங்கு.

விரலை வைத்தேன். இரண்டு கோடி வருடம் என்று கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! வாய்விட்டுச் சிரித்தேன். கிணறு முழுக்க அந்தச் சிரிப்பு சுற்றியது.

"இவ்வளவு நாளும் இதுகளைத்தான் உடைச்சுக் கொட்டினனான்" என்றார் தம்பிராசா அண்ணை. சின்ன உளியை எடுத்தார். சங்கைச் சுற்றி ஒரு மணித்தியாலம் தட்டி, தேங்காயளவு கல்லோடு முழுதாகக் கழற்றினார்.

அதே கயிற்றின் துணையோடு மேலே ஏறினேன். பகல் அத்தான் வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியற் கூழ். 2.30க்குத் திரும்பினோம். இப்போது சோளகம் முகத்தில் அடித்தது. முள்ளிவெளியில் ஓர் உழவு இயந்திரக்காரர் நிறுத்தினார். "ஏறுங்கோ ரீச்சர், சைக்கிளையும் ஏத்துவம்."

இரண்டு காலும் உள்ள கிரேஸ் உடனே ஏறிவிட்டாள். கல்லை அவள் மடியில் வைத்தேன். "நீ போ. நான் சைக்கிள் ஓடி வாறன்."

அந்த ஐந்து மைலுக்கு இரண்டு மணித்தியாலம் சென்றது. மூன்று இடத்தில் இறங்கினேன், ஓரிடத்திலும் விழவில்லை.

5.30க்குக் கொடிகாமச் சந்தி. தேநீர்க் கடை வாசலில் ஒரே கூட்டம். நடுவே கிரேஸ்; வாங்குப் பலகையில் என் கல். என்னைத் தேடி வந்த இவரும் அங்கேதான் குனிந்து நின்றார். மாம்பழம் விற்கிற மனிசி சங்கைத் தடவி, "ரீச்சர், அப்ப எங்கடை வளவுக்குக் கீழையும் கடலோ?" என்று கேட்டார். "எவ்வளவு ஆழத்திலை?" என்றார் ஒருவர். "இது உயிரோடை இருந்ததோ?" என்றார் இன்னொருவர்.

சைக்கிளில் சாய்ந்தபடியே ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னேன். இரண்டு வருடமாக அந்தச் சந்தியில் என்னைக் காண்கிறவர்கள் முதலில் விசாரிப்பது என் காலைப் பற்றித்தான். அன்று இருட்டும்வரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.