தண்ணீர் வரும் நேரத்துப் பிரஷர்

என் மனைவி செலினை எதிர்த்து யாரும் பேச முடியாது. செகந்திராபாத் ரயில்வே முன்பதிவுக் கவுன்டரில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும், எங்கள் மெட்டுகுடா வீட்டில் காபிக்குக்கூட நான் வரிசையில்தான் நிற்கிறேன்.

இந்தக் கோடையில் என் தம்பி மகள் எமி வந்தாள். இங்கிலாந்தில், லீட்ஸில் மருத்துவம் படிக்கிறவள். சனத்நகரில் பஸ்தி என்கிற ஏழைக் குடியிருப்பு ஒன்றில் அறுபது பெண்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாடத்தில் தேற மாட்டாள். வீடு வீடாகப் போனால் பாதிக் கதவு பூட்டிக் கிடந்தது. பிள்ளை அழுதே விட்டாள்.

"கைக்கு? எதுக்கு அழுவுற? தண்ணி வர்ற நேரத்துக்குப் போவோம். ஒருத்தி பாக்கியில்லாம இருப்பா," என்றாள் செலின்.

ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஆறரைக்கு அங்கே தண்ணீர் வரும். செலின் எல்லோரையும் குடத்தோடு வரிசையில் நிறுத்தினாள்.

"பெரியம்மா, அஞ்சு நிமிஷம் ரெஸ்ட் குடுத்துட்டுத்தான்..." என்று எமி இழுத்தாள்.

"நக்கோ, வேணாம்! உக்காந்தா தண்ணி நின்னுடும். நீ பாரு!"

இரண்டே காலையில் அறுபதும் முடிந்தது. ஐம்பத்திரண்டு பேருக்கு அழுத்தம் எகிறியிருந்தது!

"அந்தத் தெருவில் அப்படி என்னதான் நடக்கிறது?" என்று கேட்டார் லீட்ஸ் பேராசிரியர். குடமும் ஓட்டமும் சண்டையும்தான், வேறென்ன! எதுவும் செல்லாது, பத்து நாளில் மறுபடி எடு என்று சொல்லிவிட்டார். செலின் அன்று சாப்பிடவில்லை. "என்னாலதான் பிள்ளை படிப்பு கெடுது," என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கே பாவமாக இருந்தது.

தண்ணீர் வராத நாட்களாகப் பார்த்து, அவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன் விடியலிலேயே போனோம். மடக்கு நாற்காலி சுமந்தது அடியேன். முதல் வீட்டு மங்கையர்க்கரசி, சேலத்துக்காரி, வாசலிலேயே மறித்தாள்.

"அன்னைக்கு எங்கள நிக்க வெச்சீங்கல்ல? இன்னைக்கு மொதல்ல நீங்க உக்காருங்க."

செலின் உட்கார்ந்தாள். ஐந்து நிமிடம் பேசவே இல்லை, அதுவே அதிசயம். எமி ஒருமுறை பார்த்தாள், மறுமுறை பார்த்தாள். நூற்றுத் தொண்ணூறு.

"இன்னைக்குத் தண்ணி வருதா?" என்று மெல்லக் கேட்டாள் செலின்.

"இல்லைங்கம்மா."

அறுபது பேரில் ஏழு பேருக்குத்தான் அதிகம் இருந்தது. எமி தேறிவிட்டாள். செலினின் அளவு அறிக்கையில் சேரவில்லை; அவள் மெட்டுகுடாக்காரி. ஆனால் தினமும் காலையில் மங்கையர்க்கரசி போன் செய்கிறாள், ஒருநாள் விட்டு ஒருநாள் பின்னால் குடச் சத்தத்தோடு.

"மாத்திரை போட்டாச்சாம்மா?"

"போட்டாச்சு," என்கிறாள் என் மனைவி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல்.